ஏழு மணிக்கு வரும் மெசேஜ்

4 ஆகஸ்ட், திங்கள்

ஷிஃப்ட் முடிந்து மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையிலிருந்து நேராகக் கல்லூரிக்கு. என் சட்டையில் பிளாஸ்டிக் உருகிய நாற்றமாம், கோவிந்தசாமி தள்ளி உட்கார்ந்தான். இவன் மட்டும் சந்தனமா? நாளெல்லாம் மீன் வண்டி ஓட்டுகிறவன்.

நாற்பத்திரண்டு வயசில் மாலைநேர பி.காம். "நீங்களும் புள்ளயும் ஒண்ணா பட்டம் வாங்குங்க, எனக்கு ஒரே புடவைல வேலை முடிஞ்சிடும்" என்று வீட்டில் நஜீமா கிண்டல் செய்கிறாள்.

செல்வகுமார் கடலுக்குப் போயிருக்கிறான். மேடம் அவன் நம்பரைக் கூப்பிட்டதும் வழக்கம்போல நான்தான் அவனுடைய கரகரத்த குரலில் "பிரசன்ட் மேடம்" என்றேன். எனக்குச் சாயங்கால ஷிஃப்ட் விழும் வாரத்தில் அவன் எனக்காகச் சொல்வான். வருகை குறைந்தால் பரீட்சை எழுத முடியாது. வேலைக்குப் போகாவிட்டால் வீட்டில் அடுப்பு எரியாது. வகுப்பில் பாதிப்பேர் இப்படித்தான் ஒருவருக்கு ஒருவர் முட்டுக்கொடுத்துப் படிக்கிறோம். ஹேமலதா மேடம் தலை நிமிர்ந்து பார்ப்பதே இல்லை. தெரியாமலா இருக்கும்?

5 ஆகஸ்ட், செவ்வாய்

செல்வகுமார் போன போட் திரும்பவில்லை. மூன்று பேர் போயிருக்கிறார்கள். நேற்று மத்தியானமே கரைக்கு வந்திருக்க வேண்டுமாம்.

வகுப்புக்குப் போனேன். அவன் நம்பர் வந்தபோது யாரும் வாய் திறக்கவில்லை.

நேற்று நான் அவன் குரலில் பேசிய நேரத்தில் அவன் எங்கே இருந்தான்?

6 ஆகஸ்ட், புதன்

கடலூர்ப் பக்கம் போட் கவிழ்ந்து கிடந்ததாம். இரண்டு உடல்கள் கரை ஒதுங்கிவிட்டன. செல்வகுமார் கிடைக்கவில்லை.

லீவு சொல்லிவிட்டு வைத்திக்குப்பம் போனேன். இரண்டு வீடுகளில் ஒப்பாரி. மூன்றாவது வீட்டில் அவன் மனைவி சத்யப்பிரியா குழம்பு கொதிக்கவைத்துக்கொண்டிருந்தாள்.

"வாங்க பாய். டீ குடிக்கிறீங்களா?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் போனை நீட்டினாள். வகுப்பு நாளெல்லாம் ஏழு மணிக்குக் கல்லூரி கம்ப்யூட்டர் வீட்டுக்கு அனுப்புகிற மெசேஜ். அவன் கடலுக்குப் போகிறவன் என்பதால் இவள் நம்பரைக் கொடுத்திருக்கிறான். திங்கட்கிழமை மெசேஜ்: செல்வகுமார் இன்று வகுப்புக்கு வந்திருந்தார்.

"அவரு போட்ல ஏறவே இல்ல பாய். கெளம்பறப்ப சண்ட. படிப்பு சோறு போடுமான்னு கேட்டுட்டேன். கோச்சிக்கினு காலேஜிக்குப் போயிட்டாரு. நேத்து வரலன்னு வந்துச்சு, கோவத்துல எங்கனா சுத்திக்கினு இருப்பாரு. ஏறுனத பாத்தேன்னு அவுங்க அண்ணன் சொல்றாரு, அவருக்குக் கண்ணே செரியில்ல. திங்கக்கெழம நீங்க பாத்தீங்க இல்ல?"

"கூட்டத்துல கவனிக்கலம்மா" என்றேன்.

கவனிக்கலையாம். நாக்கு அழுகிப்போகாதா எனக்கு?

7 ஆகஸ்ட், வியாழன்

கல்லூரி வாசலில் சத்யப்பிரியா. கையில் டிபன் கேரியர்.

மேலே வந்து உட்கார்ந்தேன். ஜன்னலில் பார்த்தால் அவள் போனையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். மேடம் வரிசையாகக் கூப்பிட்டுக்கொண்டு வந்தார். அவன் நம்பர் வந்தது. "வரவில்லை" என்று மெசேஜ் போனால் கீழே இவள் என்ன ஆவாள்? இன்னும் ஒரே ஒரு நாள்— என்று நினைத்தேனோ, நினைக்கவே இல்லையோ.

"பிரசன்ட் மேடம்."

கோவிந்தசாமி என் தொடையைக் கிள்ளினான். "பைத்தியமா பாய் ஒனக்கு?"

ஏழு மணிக்குப் படிக்கட்டில் தடதடவென்று சத்தம். கதவருகே நின்று பெஞ்சு பெஞ்சாகத் தேடினாள்.

"யாரம்மா வேணும்?" என்றார் மேடம்.

"என் வூட்டுக்காரரு. வந்திருக்காருன்னு இப்பதான் வந்துச்சு."

மேடம் முகம் வெளுத்துவிட்டது. ஒருத்தரும் நிமிரவில்லை. நான் புத்தகத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். அவள் கேரியரை மேஜைமேல் வைத்தாள். "வந்தா குடுத்துடுங்க மேடம். காலைலேர்ந்து சாப்ட்டிருக்க மாட்டாரு."

8 ஆகஸ்ட்

டீக்கடைப் போனிலிருந்து நஜீமாவைக் கூப்பிட்டேன். "யாரு பேசறது?" என்றாள். என் குரலே இல்லையாம். எவ்வளவு கனைத்தும் அந்தக் கரகரப்பு போகவில்லை.

10 ஆகஸ்ட், ஞாயிறு

சொல்லிவிட்டேன். "நீங்க சொல்லலன்னா நான் போய் சொல்றேன்" என்று நஜீமாதான் இழுத்துக்கொண்டு போனாள்.

சத்யப்பிரியா கத்தவில்லை, அழவில்லை. அடித்திருந்தால் தேவலை.

"ரெண்டு நாளும் நீங்களா?"

"ஆமாம்மா."

"எங்க, சொல்லிக் காட்டுங்க."

நஜீமா வேண்டாமென்று தலையாட்டினாள். சொன்னேன். யா அல்லா, அவள் கேட்கும்போது எப்படி மாட்டேன் என்பது? கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

"அவரு இப்டி சொல்ல மாட்டாரு" என்றாள். எழுந்து உள்ளே போய்விட்டாள்.

12 ஆகஸ்ட், செவ்வாய்

ஹேமலதா மேடத்திடமும் ஒப்புக்கொண்டேன்.

"எனக்குத் தெரியும் பக்ருதீன். தலைய நிமிர்த்துனா பாதிப்பேர வெளிய அனுப்பணும். அதான் நிமிரல. இதுல என் பங்கும் இருக்கு."

எனக்காகச் செல்வகுமார் சொன்ன வருகையையெல்லாம் அடித்துவிடச் சொன்னேன். அடித்ததில் வருகை போதவில்லை. இந்தமுறை பரீட்சை கிடையாது. மேடம் முதல்வர் அறைக்குப் போய், ஷிஃப்ட் ஆட்களுக்கு ஞாயிற்றுக்கிழமை வகுப்பு வேண்டுமென்று சண்டை போட்டாராம். இதை ஆறு மாதம் முன்னால் யாராவது கேட்டிருக்கலாம். நானே கேட்டிருக்கலாம்.

7 செப்டம்பர், ஞாயிறு

முதல் ஞாயிறு வகுப்பு. வலைக்கு லீவு விட்டுவிட்டுக் குப்பத்துப் பையன்கள் இரண்டு பேர்கூட வந்திருந்தார்கள். எனக்குப் படிப்பு ஏறவில்லை.

செல்வகுமார் இன்னும் கிடைக்கவில்லை. உடல் இல்லாமலே காரியம் செய்துவிட்டார்கள். சத்யப்பிரியா அப்போதும் அழாமல் கல் மாதிரி உட்கார்ந்திருந்தாளாம். ஊரே பயப்படுகிறது.

19 செப்டம்பர், வெள்ளி

கம்ப்யூட்டரில் செல்வகுமார் பெயரை இன்னும் எடுக்கவில்லை. வகுப்பு நாளெல்லாம் ஏழு மணிக்கு அவளுக்கு, "இன்று வகுப்புக்கு வரவில்லை" என்று போகிறது. கோவிந்தசாமி சொல்லித்தான் தெரியும். பதறிப்போய் அவளுக்குப் போன் செய்தேன். திங்கட்கிழமையே ஆபீசில் சொல்லி நிறுத்திவிடுகிறேன் என்றேன்.

"வாணாம் பாய். ஊரே சொல்லுச்சு, நான் நம்பல. அந்த மெசேஜ் சொன்னத நம்புனேன் இல்ல? அதுவே சொல்லட்டும்."

26 செப்டம்பர், வெள்ளி

வகுப்பு நடக்கும்போதே போன் அடித்தது. அவள் பெயரைப் பார்த்ததும் வெளியே ஓடினேன்.

"இன்னிக்கும் வரலையாம் பாய்" என்றாள்.

பிறகு அழ ஆரம்பித்தாள். வகுப்பு முடிந்து எல்லாரும் இறங்கிப் போகிற வரைக்கும் அழுதாள். நான் போனை வைக்கவில்லை.