காதும் நலம்

அன்பு மகளுக்கு அப்பா எழுதிக்கொள்வது. நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே அம்மா முட்டிவலியைத் தவிர நலம். நான் காதைத் தவிர நலம் என்றுதான் வழக்கமாக எழுதுவேன், இந்தத் தடவை காதும் நலம். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம், போனில் சொல்ல வாய் வரவில்லை.

அம்மா மாடி ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் கட்டிலைக் கீழறைக்கு இறக்கினோம். அது கதவில் நுழையாமல் தச்சர் வந்து காலைக் கழற்றினார், கட்டில் காலைத்தான், உன் காலை அல்ல என்று நான் அம்மாவிடம் சொன்னதற்கு அவள் ஒரு நாள் பூராவும் என்னோடு பேசவில்லை. நீ அனுப்பிய காது மெஷின் நன்றாக வேலை செய்கிறது, அடுத்த வீட்டுச் சண்டைகூட வரிவரியாகக் கேட்கிறது.

சட்டசபையில் நடந்ததை நீ செய்தியில் பார்த்திருப்பாய். முதியோர் இல்லங்களில் எட்டுப் பேருக்கு ஒரு பணியாள் கட்டாயம், மணி அடித்தால் ஐந்து நிமிஷத்தில் ஆள் வர வேண்டும் என்ற சட்டம் இந்த வருஷமே நடைமுறைக்கு வர இருந்தது. அதற்காக நாற்பது நிமிஷம் பேசியவன் நான், உன் அத்தை இருக்கும் இல்லத்தில் ஒரு மாடியில் முப்பது பேருக்கு ஒரே ஆள் என்று மேஜையைத் தட்டியவன். அதை இரண்டு வருஷம் தள்ளிப்போட எங்கள் கட்சியே தீர்மானம் கொண்டுவந்தது. வேலைக்கு ஆள் கிடைக்கவில்லை என்று இவர்கள், ஒழுங்கான சம்பளம் கொடுத்தால் கிடைப்பார்கள் என்று அவர்கள், காலையிலிருந்து இதே கத்தல். கடைசியில் சபாநாயகர் ஒத்திவைக்கச் சம்மதிப்பவர்கள் கை தூக்கலாம் என்றார். நான் தூக்கினேன். ஒரே ஓட்டில் தீர்மானம் ஜெயித்தது.

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பாவம், பெரியவருக்குக் காதுல விழல, சட்டத்துக்குத்தான் கை தூக்கறோம்னு நினைச்சுட்டாரு என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார். வெள்ளத்தில் போகிறவன் கட்டையைப் பிடிக்கிற மாதிரி அதைப் பிடித்துக்கொண்டேன் கண்ணு. தூக்கிய கையை இறக்கி அப்படியே காதுக்குப் பின்னால் குவித்து என்ன, என்ன என்றேன். ஓட்டை மாற்றிக்கொள்கிறீர்களா என்று சபாநாயகர் இரண்டு தடவை கேட்டார், அப்போதும் விழித்தபடி உட்கார்ந்திருந்தேன். வெளியே நிருபர்களைக் கண்டதும் மெஷினைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டேன். நீயும் அன்றைக்கே போன் பண்ணி, விடுங்கப்பா, உங்க மேல தப்பில்ல என்று தொண்டை கிழியக் கத்தினாய். அன்று காலைதான் புது பேட்டரி போட்டிருந்தேன். சபையில் எல்லாம் கேட்டது. அதற்கு முந்தின நாள் எங்கள் கட்சிக் கொறடா வந்து, உங்க தொகுதிய இளசுங்க கேக்குறாங்க, நான் உங்க பக்கம்தான், ரெண்டு வருஷம்தானே தள்ளிப்போடறோம், சட்டம் எங்கயும் ஓடிடாது என்று சொன்னதும் நன்றாகவே கேட்டது. எழுபத்து மூன்று வயதில் எனக்கு இன்னொரு தடவை நாற்காலி வேண்டியிருந்தது. எழுதவே கூசுகிறது.

நேற்று அத்தையைப் பார்க்கப் போனேன். குளியலறைக்குப் போக மணி அடித்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். தம்பி கையால் வேண்டாம் என்று என்னை விடவில்லை. நடைவழியில் ஓடிப் பார்த்தேன், அந்த ஒரே பெண் கடைசி அறையில் யாருக்கோ ஊட்டிக்கொண்டிருந்தாள். அவள் வர நாற்பது நிமிஷம் ஆயிற்று, அதற்குள் துணியெல்லாம் நனைந்துவிட்டது. அத்தை அதை விட்டுவிட்டு என் காதைத்தான் விசாரித்தாள். பேசினாலே மூச்சு வாங்குகிற மனுஷி என்னைக் கிட்டே இழுத்து, இருக்கிற தெம்பையெல்லாம் கூட்டி, காது கேக்கலன்னா நீ என்னப்பா பண்ணுவ, மனசுல வச்சுக்காத என்று ஒவ்வொரு சொல்லாகக் கத்தினாள். இருமல் வந்துவிட்டது. நான், பாவி, பழக்கதோஷத்தில் காதில் கை வைத்து என்ன என்றேன். அவள் மறுபடியும் முதலிலிருந்து கத்தினாள்.

செவ்வாய்க்கிழமை அவளிடம் உண்மையைச் சொல்லிவிட்டு, பிறகு சபையிலும் சொல்வதாக இருக்கிறேன். சொல்வேன் என்று என் மேல் எனக்கே நம்பிக்கை இல்லை, அதனால்தான் முதலில் உன்னிடம் எழுதி மாட்டிக்கொள்கிறேன். புதன்கிழமை போன் பண்ணி, சொன்னீர்களா என்று கேள். பேத்திக்கு என் முத்தம். நீங்கள் மூவரும் தீர்க்காயுசாக, தள்ளாத வயதில் மணி அடித்தால் ஆள் வருகிற இடத்தில் இருக்க வேண்டும் என்று வாழ்த்துகிறேன்.

மறக்காதே, இனி போனில் என்னிடம் கத்திப் பேச வேண்டாம். மெதுவாகச் சொன்னாலே எனக்குக் கேட்கும்.

இப்படிக்கு,
உன் அப்பா