கீழ்த்தளத்து நடுச்சுவர்

என் மரியாதைக்குரிய அம்மாவுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? கிரெனடாவில் பலத்த மழை என்றார்கள், கூரை ஒழுகவில்லையே? நான் நலம்தான்.

புரூக்ளினில் நான் வாங்கிய மூன்று குடித்தன வீட்டில் வேலை தொடங்கிவிட்டது. நம்மூர்க்காரர் என்று நம்பி ஒப்பந்தக்காரர் கத்பர்ட்டிடம் கொடுத்தேன். நகராட்சி அனுமதி வரும்வரை சுவரைத் தொடக்கூடாது என்றும் சொல்லியிருந்தேன். நான் மருத்துவமனை வேலைக்குப் போயிருந்தபோது மாடியைத் தாங்கும் கீழ்த்தளத்து நடுச்சுவரில் பாதியை இடித்துவிட்டார். மாடியில் குடியிருக்கும் ஆலீன் போனில் அழைத்தாள்.

"அக்கா, கதவைச் சாத்த முடியல. தரை சாயுற மாதிரி இருக்கு."

ஓடிப்போய் அவளையும் கைக்குழந்தையையும் வெளியே கூட்டிவந்தேன்.

"பெர்மிட் வர்றதுக்குள்ள நமக்குத் தலை நரைச்சிடும்மா" என்று சிரித்தார் கத்பர்ட்.

"மேல புள்ள தூங்கிட்டிருந்துச்சுய்யா! முதல்ல முட்டுக் கொடுங்க, அப்புறம் சிரிங்க."

நகராட்சிக்கு நானே தகவல் சொன்னேன். "வீட்டுக்காரியே புகார் குடுப்பாளா?" என்று கத்பர்ட் முறைத்துவிட்டுப் போனார். அதிகாரிகள் வந்து வேலையை நிறுத்தினார்கள். இப்போது இரும்புத் தூண்கள் தாங்குகின்றன, அனுமதியும் வந்துவிட்டது, பயப்படாதீர்கள். அதுவரை ஆலீனும் குழந்தையும் என் வாடகை அறையில்தான் தூங்கினார்கள். நேற்று மாடிக்குத் திரும்பிவிட்டார்கள். அறை ரொம்ப அமைதியாக இருக்கிறது.

கொஞ்சம் ஜாதிக்காய் அனுப்புங்கள். குளியலறைக் கைப்பிடி எந்த உயரத்தில் வேண்டும் என்று புது ஒப்பந்தக்காரர் கேட்கிறார். நிமிர்ந்து நின்று, தரையிலிருந்து உங்கள் இடுப்புவரை நூலால் அளந்து, அந்த நூலையும் சேர்த்து அனுப்புங்கள். கீழ்த்தளம் உங்களுக்குத்தான், அம்மா.

பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். பஸ் வந்துவிட்டது.

உங்கள் வெர்லின்