அப்பாவின் வயலின்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் முட்டிவலி, அம்மாவின் இருமல் எப்படி இருக்கின்றன? போனில் கேட்டால் சிரித்தே மழுப்பிவிடுவீர்கள், அதனால் எழுதுகிறேன். ஓய்வுபெற்ற பிறகு வயலின் கற்பது நல்லதுதான். அதற்காக வாசிப்பதையெல்லாம் பதிவு செய்து எனக்கு அனுப்பவேண்டுமா? நேற்று தொழிற்சாலையில் சாப்பிடும்போது போட்டுக் கேட்டேன். சூப்பர்வைசர் ஓடிவந்தார்.

"எந்த மிஷின் இப்படிக் கத்துது? மெக்கானிக்கைக் கூப்பிடு."

"எங்கப்பா சார்."

மானம் போயிற்று. இனியாவது சுருதி சேர்த்துவிட்டு வில்லைத் தொடுங்கள்.

வேலைக்குப் போகும் வண்டி வந்துவிட்டது. ஒன்று மட்டும். பதிவின் முடிவில் அம்மா, "போதும், சாப்பிட வாங்க" என்று கூப்பிடுவதை இப்போதெல்லாம் வெட்டிவிடுகிறீர்கள். அதை வெட்டாதீர்கள். அதற்காகத்தான் இந்தக் கொடுமையைக் கடைசிவரை கேட்கிறேன்.

உங்கள் மகள்