பொட்டின் கீழ் ஓர் எண்

உன் அம்மா நீட்டிய உறையிலிருந்து வாளை உருவினேன். தையல் மெசின் எண்ணெய் மணந்தது. நீ கடைசியாகப் பூசிய எண்ணெய்.

சுவரில் உன் படம், மாலையோடு. அதன் கீழே, வாளை வாங்குவதற்காகப் புரோசார்ட் ஊரிலிருந்து வந்த பிரெஞ்சு பேசும் மனிதர். அவருக்குத் தமிழ் தெரியாது. அம்மாவுக்குப் பிரெஞ்சு அதிகம் வராது. நடுவில், இருவருக்கும் மொழிபெயர்த்துக்கொண்டு, உன் தோழி நான்.

இல்-பிசார் தீவில் ஒரு வீட்டுக் கராஜில்தான் இதைக் கண்டோம், ஞாபகமா? பழைய சாமான்கள் விற்றுக்கொண்டிருந்தார்கள். குளிர்கால டயர்களுக்கு நடுவே சிங்கத் தலைப் பிடி. சிங்கத்துக்குச் சிவப்புக் கண்ணாடிக் கண்கள். பிரஷ்யப் பீரங்கிப் படை அதிகாரியின் வாள் என்று என் காதில் சொன்னாய். துவாயில் சுற்றிக்கொண்டு பஸ்ஸுக்குக் காத்து நின்றோம். சாரதி என்னவென்று கேட்டார். திரைச்சீலைக் கம்பி என்றாய். உன் முகத்தில் ஓர் அசைவும் இல்லை.

அன்று அம்மா கதவிலேயே தொடங்கிவிட்டார்.

"ஊரிலை பெட்டையள் நகை சேர்க்குதுகள். நீ வெள்ளைக்காரன்ரை வாள் சேர்க்கிறாய். ஆரடி உன்னைக் கட்டுவான்?"

"பயமில்லாதவன் கட்டட்டும், அம்மா."

"விசயதசமிக்குச் சாமிக்கு முன்னாலை வாழை வெட்டுவினமே, அதுக்காவது கோயிலுக்குக் குடு. புண்ணியம் கிடைக்கும்."

அறைக்குள் வந்து கதவைச் சாத்தினாய். "எடியே, அதிகாரியள் தங்கடை காசிலை செய்விச்ச வாள் இது. அதாலை பேரின்ரை முதலெழுத்தை வெட்டுவிச்சிருக்கிறாங்கள். தேடினால் ஆளைப் பிடிக்கலாம்." கொஞ்சம் பொறுத்து: "தேடினால் கிடைக்கிற ஒருத்தனையாவது தேடுவம்."

போரில் காணாமல் போன உன் மாமாவைப் பற்றி அம்மா அனுப்பிய மனுக்களுக்குப் பதில் வந்ததில்லை.

முதலெழுத்துகள் பிடியில் தெளிவாக இருந்தன. படைப்பிரிவின் எண் அலகில். மிக மங்கல். இரண்டும் சேர்ந்தால், அக்காலத்தில் அச்சிட்ட அதிகாரிகளின் பட்டியலில் ஒரு பெயர் தனித்து நிற்கும். பகல் வெளிச்சத்தில் சாய்த்துப் படிப்போம் என்றாய்.

மறுநாள் சரஸ்வதி பூசை. நீ எழும்புவதற்குள் அம்மா புத்தகங்களோடு வாளையும் வைத்துவிட்டார். எழுத்து இருக்கும் இடம் பார்த்து, அந்த எண்ணின் மேலேயே, சந்தனமும் குங்குமமும் குழைத்துப் பொட்டு. பூசைக்கு வைத்ததை விசயதசமிக்கு முன் தொடக்கூடாது. நீ தொடவில்லை. சந்தனத்தின் ஈரம் இரும்பில் இறங்கியது.

எடுத்துத் துடைத்தபோது எண் இல்லை. கறுத்த வட்டம் ஒன்று.

கத்துவாய் என்று நினைத்தேன். குசினியில் சமைத்துக்கொண்டிருந்த அம்மாவை எட்டிப் பார்த்தாய். குரலைத் தாழ்த்தினாய். "அம்மாவுக்குச் சொல்லாதை. பேந்து அவ இதையே நினைச்சுக்கொண்டு இருப்பா."

எண் இல்லாமலே தேடத் தொடங்கினாய். ஒவ்வொரு படைப்பிரிவாக. ஆஸ்பத்திரிக் கட்டிலிலும். முடிக்காமல் போய்விட்டாய்.

வந்தவர் அந்த வட்டத்தில் விரலை வைத்தார். யார் கெடுத்தது என்று கேட்டார். தேய்த்து மினுக்கித் தந்தால் வாங்குவாராம். தேய்த்தால் கறை போகும். அடியில் எண்ணின் தடம் எஞ்சியிருந்தால் அதுவும் போகும்.

"என்னவாம், பிள்ளை?"

"பழைய துருவாம், அன்ரி. தேய்க்கட்டாம்."

"நீ என்ன சொல்லுறாய்?"

"விக்க வேண்டாம். நான் அந்த ஆளைக் கண்டுபிடிக்கிறன்."

அம்மா என்னைப் பார்த்தார். பிறகு வந்தவரைப் பார்த்து "மெர்சி" என்று நன்றி சொன்னார். வாசல்வரை போய்க் கதவைத் திறந்தும் விட்டார்.

திரும்பி வந்து உட்கார்ந்தார். "துரு எண்டு எனக்கேன் பொய் சொல்லுறாய்? அது என்ரை பொட்டு."

வாளை எடுத்து உறையில் செருகினேன்.

"அவள் ஒளிச்சு ஒளிச்சு அந்த இடத்தைத் தடவிப் பாத்தவள். நான் காணேல்லை எண்டு நினைச்சியளோ ரெண்டு பேரும்?"

"அவளிட்டைக் கேட்டிருக்கலாமே, அன்ரி."

"கேட்டால், எனக்குத் தெரிஞ்சுபோச்செண்டு அவளுக்குக் கவலை. விட்டிட்டன்."

உனக்கு இது தெரியாது. அதனால்தான் எழுதுகிறேன். அந்தச் சின்ன வீட்டில் நீ அவரைக் காத்தாய். அவர் உன்னைக் காத்தார். ஒருவருக்கொருவர் ஒன்றும் சொல்லாமல்.

கறையை நான் தொடப் போவதில்லை. உன் பொறுமை எனக்கு இல்லை. நீ தேடிய முறை என்னிடம் இருக்கிறது. பொருந்தாததை வெட்டு. தெரியாததைத் தெரியாது என்றே வை. அடுத்ததற்குப் போ.

உன் மடிக்கணினியில், நீ நிறுத்தியதற்கு அடுத்த படைப்பிரிவின் பட்டியலைத் திறந்தேன். அம்மா கதிரையை இழுத்துப் போட்டார். கண்ணாடியை மாட்டினார்.

"இதென்ன எழுத்து, எறும்பு ஊர்ந்த மாதிரி?"

"பழைய ஜெர்மன் அச்சு, அன்ரி."

"எங்கடை பெடியன்ரை எழுத்து எப்பிடி இருக்கும்? அதைக் காட்டு."

பிடியில் இருந்த முதலெழுத்துகள் அந்த அச்சில் எப்படி இருக்கும் என்று காட்டினேன். விரலைப் பட்டியலின் முதல் பெயரில் வைத்துக்கொண்டு, மெல்லக் கீழே இறங்கத் தொடங்கினார்.