அப்பாவின் கட்டைவிரலும் பாட்டுப்பெட்டியின் பூட்டும்

என் செல்ல வாலுக்கு,

அம்மா எழுதுகிறேன். நாங்கள் இரண்டு பேரும் நன்றாக இருக்கிறோம், உன் அப்பாவின் கோபமும் நல்ல ஆரோக்கியத்தோடு இருக்கிறது, நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன், நம்பிக்கைதான், சாட்சி ஒன்றும் கிடையாது. இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் கண் போனதிலிருந்து உன் அப்பாவுக்குக் காது நீண்டுவிட்டது, சமையலறையில் நான் வாய்க்குள் முணுமுணுப்பதுகூட வாசலில் இருக்கிறவருக்குக் கேட்கிறது, அவரை நாலு வார்த்தை நிம்மதியாகத் திட்ட வேண்டுமென்றால் இப்படி மருந்துக் கடையில் ஆள் வராத நேரம் பார்த்து எழுதினால்தான் உண்டு. முதலாளி எட்டிப் பார்த்தால் ஸ்டாக் எழுதுகிறேன் என்று நினைத்துக்கொள்வார், நினைக்கட்டும்.

நீ காலேஜுக்குப் போகும்போது காதில் மாட்டிக்கொண்டு நான் கூப்பிட்டால் செவிடு மாதிரி திரிந்தாயே, அந்த உள்ளங்கை அளவு பாட்டுப்பெட்டி விஷயம்தான். அதை ஏன் நோண்ட ஆரம்பித்தேன் என்று உனக்கு முழுதாகச் சொல்லவில்லை. காலையில் வேலைக்குக் கிளம்பும்போது அதில் அவருக்கு ஏதாவது பாட்டு வைத்துவிட்டுப் போவேன், மத்தியானம் திரும்பினால் அதே நாற்காலியில் அதே பாட்டு சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருக்கும், மாற்றத் தெரியாமல் அப்படியே உட்கார்ந்திருப்பார். ஒருநாள் அவருக்குக் கட்டோடு பிடிக்காத பாட்டுகளைத் தெரியாமல் வைத்துவிட்டுப் போயிருக்கிறேன், அத்தனையையும் கேட்டு முடித்துவிட்டு வாயே திறக்கவில்லை. இந்த மனுஷன் திட்டவில்லை என்றதும் மறுநாளே பெட்டியைக் கடைக்கு எடுத்துக்கொண்டு போனேன். எதிர்க் கடை செல்போன்காரன், இதைத் தூக்கிப் போட்டுட்டு ஒரு புது போன் வாங்குங்க ஆன்ட்டி என்றான். வாங்கித்தான் கொடுத்தேன். பட்டனே இல்லாத கண்ணாடியை நாள் முழுக்கத் தடவிக்கிட்டு இருக்க நான் என்ன பல்லியா என்று கேட்டுவிட்டு மேஜை மேல் வைத்தவர்தான், அதற்கப்புறம் தொடவில்லை. உன் பெட்டியில்தான் விரலுக்குத் தட்டுப்படுகிற மாதிரி பட்டன் இருக்கிறது. புது ஃபர்ம்வேர், அதாவது பெட்டியை உள்ளே இருந்து ஓட்டுகிற புரோகிராம், அதைப் போட்டால் மெனுவை அதுவே வாய்விட்டுப் படிக்கும், அப்பா தானே தேடிக்கொள்ளலாம் என்று நீ சொன்னதும் எனக்கு மறுபடி தெம்பு வந்தது.

நீ எழுதி அனுப்பியபடியேதான் செய்தேன். முதலில் பூட்லோடர், அப்புறம் ஃபர்ம்வேர், கம்ப்யூட்டர் சொல்கிறவரை கேபிளைப் பிடுங்கக் கூடாது. உன் விளக்கம் எனக்குத் தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை, நானாகவே இப்படி வைத்துக்கொண்டேன்: பெட்டிக்குள் இரண்டு கடை இருக்கிறது, ஒன்று கம்பெனிக்காரன் வைத்த ஊமைக் கடை, இன்னொன்று நீ போடச் சொன்ன பேசுகிற கடை, பூட்லோடர் என்பவன் காலையில் வந்து எந்த ஷட்டரைத் தூக்குவது என்று முடிவு பண்ணுகிற ஆள். சரிதானே? பாட்டு ஃபோல்டர்களுக்கு மட்டும் நானே என் குரலில் பெயர் சொல்லிப் பதிவு செய்து போட்டேன், உன் அப்பா வாலிப வயசில் உருகி உருகிக் கேட்ட பாட்டுகளுக்கு அழுமூஞ்சிப் பாட்டு என்று பெயர் வைத்திருக்கிறேன், வேறென்ன சொல்வது.

எல்லாம் முடிந்தது என்று கம்ப்யூட்டர் சொன்னது, கேபிளைப் பிடுங்கி அவர் கையில் கொடுத்தேன், பெட்டி அணைந்து மறுபடி எரிந்தது, பார்த்தால் பழைய கம்பெனி மெனு, ஒரு சத்தம் இல்லை. மறுபடி போட்டேன், மறுபடி ஊமை. இப்படியே ஒரு வாரம் பூராவும் ஓடியது. உனக்கு முதல்ல இருந்தே இதெல்லாம் வராதுன்னு சொன்னேன்ல என்று அவரும், கையை வெச்சுக்கிட்டு சும்மா இருங்க என்று நானும் கத்திக்கொண்டோம், மாடி வீட்டு டீச்சர் இறங்கி வந்து ஏதாவது பிரச்சினையா என்று கேட்டுவிட்டுப் போனாள். கடைசியில் அவர், விட்டுடு, எனக்குப் பாட்டும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம் என்று சொல்லிவிட்டுச் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நீ கேட்டபோதெல்லாம் கடையில் வேலை ஜாஸ்தி, இன்னும் ஆரம்பிக்கவில்லை என்று சொன்னேனே, பொய். இதுவும் போய்விட்டால் அவருக்கு வேறு என்ன இருக்கிறது என்று எனக்குப் பயமாக இருந்தது, அதை உன்னிடம் போனில் சொல்ல வாய் வரவில்லை.

அப்புறம் கடையில் உட்கார்ந்து நீ அனுப்பியதைக் கடைசி வரிவரை படித்தேன், மாத்திரை அட்டையில் எறும்பு மாதிரி இருக்கிற எழுத்தையே படிக்கிறவளுக்கு இது என்ன. பெட்டி ஆன் ஆகும்போது மேல்விளிம்பில் இருக்கிற பூட்டு ஸ்விட்ச் போட்டிருந்தால் பழைய கம்பெனி ஃபர்ம்வேர்தான் திறக்கும் என்று அடியில் போட்டிருக்கிறது. பூட்டை யார் போட்டது, நான் தொடவே இல்லையே என்று யோசித்தபடி வீட்டுக்கு வந்து, மறுபடி கேபிளைப் போட்டுப் பிடுங்கி, பேசாமல் பெட்டியை அவர் கையில் கொடுத்துவிட்டு விரலையே பார்த்தேன். வாங்கின மறு நொடி கட்டைவிரல் தானாகப் போய் பூட்டைத் தள்ளுகிறது! ஆயுசு முழுக்க லிஃப்ட் மெக்கானிக் வேலை பார்த்த ஆள், எந்த மெஷினும் கைக்கு வந்தால் முதலில் பூட்டு, அப்புறம்தான் மற்றது, பூட்டாமல் கை வைத்தவன் விரல் போய்விடும் என்று புது ஆட்களுக்கெல்லாம் பாடம் எடுத்தவர். சொன்னால் ஒப்புக்கொள்ளவில்லை, நான் எங்கடி பூட்டினேன் என்று சண்டைக்கு வந்தார். பெட்டியை அணைத்து, பூட்டைத் திறந்துவிட்டு, அவர் கட்டைவிரலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, இப்ப ஆன் பண்ணுங்க என்றேன்.

பேசியது, வாலு. முதலில் ஒரு கம்ப்யூட்டர் அம்மாள் குரல், கொஞ்சம் மூக்கடைத்த மாதிரி, அவர் பட்டனை அமுக்க அமுக்க ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போனது. முகத்தைப் பார்க்க வேண்டுமே நீ. அழுமூஞ்சிப் பாட்டு என்று என் குரல் வந்ததும், யாருடி இப்படிப் பேர் வெச்சது என்று கத்தினார், நன்றாகப் பலமாகக் கத்தினார், எனக்குக் காது குளிர்ந்தது. அதற்குள்ளேயே போய் ஒரு பாட்டைத் தேடிப் பிடித்தார். தவறாகப் போனால் காட்டலாமே என்று நான் பக்கத்திலேயே குனிந்து நின்றேன், சாப்பாட்டுத் தட்டில் பரிமாறினால் அப்படி நின்றுதானே பழக்கமாகிவிட்டது, குளிக்கப் போனால் கதவருகில், நடந்தால் முழங்கையைப் பிடித்தபடி. அவர் கையால் என்னை ஒதுக்கி, நீ போயேன், மூச்சு விட விட மாட்டேங்கிற, நான் பாத்துக்கறேன் என்றார்.

கண் போன நாளிலிருந்து என்னைப் போ என்று அவர் சொல்லவே இல்லை. அறைக்கு வெளியே வந்து கதவைச் சாத்திவிட்டு ஒரு மூச்சு அழுதேன்.

உடம்பைப் பார்த்துக்கொள், வேலை வேலை என்று பட்டினி கிடக்காதே, எங்கள் இருவரின் ஆசிகளும் உனக்கு எப்போதும் உண்டு, தீர்க்காயுசாக இரு. ஒன்று மறந்துவிடாதே, அடுத்த முறை போன் பண்ணும்போது, கண் எப்படி இருக்குப்பா என்று ஆரம்பிக்காதே, என்ன பாட்டுப்பா கேக்கறீங்க என்று கேள்.

அறையை விட்டுத் துரத்தப்பட்ட சந்தோஷத்தில்,
உன் அம்மா