கம்பத்தின் மேல் ஒரு சிவப்பு ஷூ

லியோங்காதா, ஆஸ்திரேலியா

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? நம் லெவுகாவில் மழை நின்று அப்பா படகை எடுத்துவிட்டாரா? நான் நலமாக இருக்கிறேன். சித்தி மகள் லீட்டியா நம் வீட்டோடு வந்துவிட்டதால் என் பாயை அவளுக்குக் கொடுத்துவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். யோசித்துக்கொண்டே இருந்தேன்.

சனிக்கிழமை, என்னுடன் முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கும் பிரான்வினும் அவள் மகள் டெஸ்ஸும் என்னைப் பழைய ரயில் பாதைக்கு அழைத்துப் போனார்கள். தண்டவாளத்தை எடுத்துவிட்டு நடக்க விட்டிருக்கிறார்கள். ஏற்றமே இல்லை, உங்கள் முழங்காலுக்குக்கூட ஒத்துவரும். காடு முடிந்து சதுப்பு தொடங்கும் இடத்தில், வேலிக்கம்பத்தின் மேல் ஒரு குழந்தையின் சிவப்பு ஷூ இருந்தது. யாரிடமாவது ஒப்படைக்கலாம் என்று பையில் போட்டுக்கொண்டேன். பாதை முடிந்த பிறகுதான் வெளியே எடுத்தேன்.

"ஐயோ ஆன்ட்டி, அதை ஏன் எடுத்தீங்க? தொலைச்சவங்க வந்து தேடுவாங்களே!" என்று டெஸ் கத்தினாள்.

"எங்க ஊர்ல கண்டெடுத்ததைத் தலைவர் வீட்ல கொண்டுபோய்க் கொடுப்போம்" என்றேன்.

"இங்க அந்தக் கம்பந்தான்டி தலைவர்!" என்று பிரான்வின் சிரித்தாள்.

மூன்று கிலோமீட்டர் திரும்பி நடந்தோம். அங்கே ஒரு பெண் புல்லை விலக்கித் தேடிக்கொண்டிருந்தாள். தள்ளுவண்டியில் இருந்த குழந்தைக்கு ஒரு காலில்தான் ஷூ. பையிலிருந்த ஷூவை எடுத்து நீட்டினேன். "யாராவது எடுத்து இங்கயே வெச்சிருப்பாங்கன்னு நம்பித்தான் வந்தேன்" என்றாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

அம்மா, லீட்டியாவுக்கு வேறு பாய் கொடுங்கள். என்னுடையது ஜன்னலோரத்தில், நான் திரும்பி வரும்வரை இருந்த இடத்திலேயே இருக்கட்டும்.

வேலைக்கு நேரமாகிவிட்டது.

உங்கள் மகள்,
வசீத்தி