சாமந்திக்கு வேண்டிய இருட்டு

அக்டோபர் பாதியானதும் பரணிலிருந்து தார்ப்பாயை இறக்கினேன். பிரித்ததும் டீசலும் வெங்காயமும் கலந்த அதே வாடை. சூளகிரியில் ஒரு லாரிக்காரரிடம் நீ பேரம் பேசி வாங்கிய நாளிலிருந்து அது குறையவே இல்லை. நம் இருவரையும் விட உறுதியான வாடை.

ஓசூரில் உன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். ஓய்வு பெற்றபின் நம் வாழ்க்கை அந்தச் சுவர் வழியாகத்தான் நடந்தது. உன் மனைவி இருந்தவரை கிறிஸ்துமஸுக்கு உங்கள் மாதா கோவில் பீடத்தில் பூ வைத்தவர் அவர்தான். அவர் இறந்த மறுவருடம், பூசை முடிந்து எல்லோரும் நிற்கும்போது நீ அறிவித்துவிட்டாய்: "இந்த வருசம் கடைல பூ சொல்லாதீங்க. பீடத்துக்கு எங்க வீட்டுச் சாமந்திதான்." அதுவரை நீ வளர்த்தது மீசை மட்டும்.

ஆடியில் நட்டாய். கார்த்திகையில் மொட்டு விட்டிருக்க வேண்டும். விடவில்லை. நான் மூன்று புத்தகங்களைப் படித்து மூன்று காரணங்கள் சொன்னேன். பாவி, மூன்றையும் நம்பி ஆட்டெரு, புண்ணாக்கு, சாம்பல் என்று போட்டாய். செடிகள் இடுப்பளவு வளர்ந்து பச்சைப்பசேலென்று நின்றன. தண்ணீர்த் தொட்டியின் மறைவில் நின்ற ஒரே ஒரு செடி மட்டும் பூத்தது. அதற்கு யார் சொன்ன எரு போட்டது என்று நாம் சண்டை போட்டோம்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் வெறும் கையோடு கோவிலில் நின்றாய். பாடகர் குழுவில் பாடும் அம்மாள் கேட்டார்: "என்னண்ணா, பீடத்துக்குக் கீரைக்கட்டா வெக்கறது?" எல்லோரையும் விட நீதான் உரக்கச் சிரித்தாய். வீட்டுக்கு வந்தபின் இரண்டு நாள் சுவர்ப்பக்கமே வரவில்லை.

தை மாதம் எரு இறக்க வந்த உத்தனப்பள்ளி விவசாயி செடிகளைப் பார்த்தார். பிறகு பின்மதிலுக்கு அப்பால், புதிதாக வந்த தொழிற்சாலையின் உயர்ந்த விளக்குக் கம்பத்தை அண்ணாந்து பார்த்தார். "விடிய விடிய எரியுமாங்க இது? அப்பறம் எப்பிடிங்க பூக்கும்? சாமந்திக்கு ராத்திரி வேணும். வெல இல்லாதப்போ பூவ நிறுத்தி வெக்க நாங்க தோட்டத்துல பல்பு கட்டறோம். கரண்டுக்கு நாங்க காசு கட்றோம், உங்களுக்குச் சும்மாவே போட்டுக் குடுத்திருக்காங்க!"

நீ அப்படியே எருக்குவியலில் உட்கார்ந்துவிட்டாய். "யோவ், முப்பது வருசம் நைட் ஷிப்ட் பாத்தவன்யா நானு. ராத்திரி இல்லாதவன் வெறும் எலையாத்தான் நிப்பான்னு எனக்கே தெரியாம போச்சே."

விளக்கைக் கொஞ்சம் திருப்பச் சொல்லித் தொழிற்சாலையில் மனுக் கொடுத்தோம். மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். சுற்றுச்சூழல் தினத்தன்று அழைத்து ஆளுக்கொரு மரக்கன்று கொடுத்தார்கள். விளக்கு திரும்பவில்லை. அதனால்தான் தார்ப்பாய். அடுத்த அக்டோபரிலிருந்து மாலை ஐந்தரைக்கு மூங்கில் சட்டத்தின்மேல் இருவருமாக விரிப்போம். காலை ஏழுக்கு நீ எடுப்பாய். மொட்டுகள் வந்தன. தினமும் எண்ணினாய், தினமும் வேறு கணக்குச் சொன்னாய்.

நவம்பரில் ஒரு நாள், எட்டு மணியாகியும் தார்ப்பாய் எடுக்கப்படவில்லை. சுவருக்கு இப்புறமிருந்து மூன்று முறை கூப்பிட்டேன்.

மறுநாள் மதியம் உன்னை அடக்கம் செய்துவிட்டு வந்தோம். வீடு நிறைய ஆட்கள். ஐந்தரை ஆனதும் எழுந்துபோய்த் தார்ப்பாயை விரித்தேன். அதை ஏதோ சடங்கு என்று நினைத்து உன் சொந்தக்காரர்கள் எழுந்து நின்றார்கள். உன் மகள் மட்டும் வந்து மறுமுனையைப் பிடித்தாள். பெங்களூருக்குத் திரும்பும்போது உன் வீட்டு கேட் சாவியை என் கையில் கொடுத்தாள்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் இரண்டு கூடை பூவோடு கோவிலுக்குப் போனேன். பாடகர் குழு அம்மாள் கேட்டார்: "எந்தக் கடைலங்க வாங்குனீங்க?"

"அவர் வீட்டுதுங்க."

அம்மாள் கூடைகளை வாங்கிக்கொண்டார். அன்று பீடத்தை அவரே அலங்கரித்தார், பாடப் போகவில்லை.

அதன்பின் இது மூன்றாவது குளிர்காலம். மதிலுக்கு அப்பால் இப்போது இரண்டு கம்பங்கள். தார்ப்பாயோ இரண்டு பேருக்கு அளவெடுத்து வாங்கியது. ஒரு முனையைக் கட்டிவிட்டு மறுமுனைக்கு நடப்பதற்குள் முதல் முனை நழுவுகிறது. திரும்ப நடக்கிறேன். முட்டி என்னைத் திட்டுகிறது, நான் உன்னைத் திட்டுகிறேன். உன்னிடமிருந்து பதில் இல்லாததால் சண்டையும் சரியாக வருவதில்லை.

நேற்று கோயம்புத்தூரிலிருந்து என் மகன் பேசினான். "அங்க குளுருப்பா. ரெண்டு மாசம் இங்க வந்து இருங்க."

"கிறிஸ்துமஸ் முடியட்டும்டா."

"நீங்க எப்பப்பா சர்ச்சுக்குப் போக ஆரம்பிச்சீங்க?"

"சர்ச்சுக்கெல்லாம் போகலடா," என்றேன். "அஞ்சரைக்கு இங்க ஓராள் வேணும்."